ஒரு செய்தித் தளத்தை எந்த அளவுக்கு நம்பலாம்? வருமான வழியிலிருந்து தொடங்கும் முழுமையான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டால் தமிழ்ச் செய்தித் தளங்களில் ஒரே மாதிரியான தலைப்பு நாள்தோறும் வரும்: "நாளை பள்ளிகளுக்கு விடுமுறையா? வெளியான முக்கிய அறிவிப்பு." திறந்து பார்த்தால் முதல் பத்தியில் காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி, இரண்டாவதில் கடந்த வாரம் பெய்த மழை, மூன்றாவதில் விளம்பரம், அதற்கும் கீழே வானிலை ஆய்வு மையத்தின் பொதுவான எச்சரிக்கை என்று நீண்டுகொண்டே போய், இறுதி வரியில் "மாவட்ட ஆட்சியரிடமிருந்து இதுவரை அறிவிப்பு எதுவும் வரவில்லை" என்று முடியும். இதில் பொய் என்று சுட்டிக்காட்டத்தக்க வரி ஒன்றுகூட இல்லை. உண்மை சரிபார்ப்பவர் எவரிடம் கொடுத்தாலும் இது தப்பிவிடும். ஆனாலும் அந்தத் தலைப்பை நம்பித் திறந்த பெற்றோர் ஏமாற்றப்பட்டிருக்கிறார். அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் செய்தியாளரின் அறியாமையன்று; பக்கம் ஒருமுறை திறக்கப்பட்டால் இவ்வளவு காசு என்று கணக்கிடும் வருமான முறை.

ஆகவே, ஒரு செய்தித் தளத்தை எடைபோடும்போது "இது உண்மை சொல்கிறதா?" என்ற கேள்வியோடு "இதற்கு யார் பணம் கொடுக்கிறார்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்பது இவ்வழிகாட்டியின் அடிப்படை. வருமானம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துவிட்டால், அந்தத் தளம் எந்த விஷயத்தில் நேராக நிற்கும், எந்த விஷயத்தில் வளையும் என்பதைப் பெருமளவுக்கு முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு தளத்தை முழுமையாக நம்புவதோ முழுமையாக ஒதுக்குவதோ நமக்குத் தேவையில்லை. எதில் எவ்வளவு என்று அளந்து வைத்துக்கொண்டால் போதும். கீழ்வரும் படிகளை ஒரு தளத்துக்கு ஒருமுறை பொறுமையாகச் செய்துவிட்டால், பிறகு அந்தத் தளத்தை வாசிக்கும் ஒவ்வொரு நாளும் அது பயன்தரும்.

முதற்படி: பெயரையும் முகவரியையும் வயதையும் பாருங்கள்

நன்கு அறியப்பட்ட நாளிதழின் பெயரில் ஓரெழுத்தை மாற்றியோ, பின்னால் "லைவ்", "24", "டுடே" என்று ஒட்டியோ தொடங்கப்படும் தளங்கள் ஏராளம். சமூக ஊடகத்தில் வரும் செய்தி அட்டைகளில் சின்னமும் எழுத்துருவும் அப்படியே நகலெடுக்கப்பட்டிருக்கும். எனவே அட்டையை நம்பாமல், உலாவியில் தோன்றும் முழு முகவரியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். அட்டையில் இருக்கும் செய்தி அந்த நாளிதழின் சொந்தத் தளத்தில் இருக்கிறதா என்று தேடுங்கள்.

அடுத்தது வயது. ஹூஇஸ் (WHOIS) எனப்படும் இணைய முகவரிப் பதிவேட்டில் தேடினால், அந்த முகவரி எந்த ஆண்டில் பதிவுசெய்யப்பட்டது என்று தெரியும். பதிவுசெய்தவரின் பெயர் இப்போது பெரும்பாலும் மறைக்கப்பட்டே இருக்கும். அதை வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். ஆனால் "முப்பது ஆண்டு பாரம்பரியம்" என்று சொல்லிக்கொள்ளும் தளத்தின் முகவரி சென்ற ஆண்டுதான் பதிவாகியிருந்தால், அந்தப் பாரம்பரியம் எங்கே இருந்தது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. இன்டர்நெட் ஆர்க்கைவ் நடத்தும் வேபேக் மெஷினில் அதே முகவரியை இட்டுப் பார்த்தால், பழைய பக்கங்கள் ஆண்டுவாரியாக வரும். ஒரு காலத்தில் சமையல் குறிப்புத் தளமாக இருந்த முகவரி தேர்தல் நேரத்தில் அரசியல் செய்தித் தளமாக உருமாறியிருப்பதை இப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

பெயரே ஒரு கருவியாகப் பயன்பட்டதற்குப் பெரிய உதாரணம், ஐரோப்பாவின் இயூ டிஸ்இன்ஃபோலேப் என்னும் ஆய்வமைப்பு 2019இலும் 2020இலும் வெளியிட்ட கண்டுபிடிப்புகள். 65 நாடுகளின் பெயரில் இயங்கிய 265 போலி உள்ளூர்ச் செய்தித் தளங்களை முதல் அறிக்கை அடையாளம் காட்டியது. 2020 டிசம்பரில் வந்த 'இந்தியன் கிரானிக்கிள்ஸ்' அறிக்கை அந்த எண்ணிக்கையை 119 நாடுகள், 750க்கும் மேற்பட்ட போலி ஊடகங்கள் என்று விரித்து, டெல்லியைச் சேர்ந்த ஸ்ரீவாஸ்தவா குழுமத்துடன் அவற்றைத் தொடர்புபடுத்தியது. 'டைம்ஸ் ஆஃப் ஜெனீவா', 'இபி டுடே' போன்ற பெயர்களைப் பார்க்கும் எவருக்கும் அவை ஐரோப்பிய ஏடுகள் என்றே தோன்றும். அவற்றில் வெளியான கட்டுரைகளில் பெரும்பகுதி பிற ஊடகங்களிலிருந்து எடுத்து நிரப்பப்பட்டவை; இடையிடையே பாகிஸ்தானைக் குறிவைக்கும் கட்டுரைகள் செருகப்பட்டிருந்தன. இந்தத் தளங்களை விளம்பர வருமானத்தை வைத்து ஆராய்ந்தால் ஒன்றும் கிடைக்காது, ஏனெனில் அவை காசு பார்க்கத் தொடங்கப்பட்டவை அல்ல. வருமானமே தேவைப்படாத செய்தித் தளம் ஒன்று நீண்ட காலம் நடந்துகொண்டிருந்தால், அதன் செலவை யாரோ வேறொரு நோக்கத்துக்காக ஏற்கிறார்கள் என்று பொருள்.

இரண்டாம் படி: நடத்துவது யார் என்று ஆவணத்தில் தேடுங்கள்

"எங்களைப் பற்றி" பக்கத்தில் என்ன இல்லை என்பதைக் கவனியுங்கள். "உண்மையை உரக்கச் சொல்லும் உங்கள் தோழன்" என்பது போன்ற வாசகங்கள் மட்டும் இருந்து, ஆசிரியர் பெயரும் அலுவலக முகவரியும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயரும் இல்லையென்றால், அந்தத் தளம் நமக்குப் பதில் சொல்லும் இடத்தில் இல்லை. நிறுவனத்தின் பெயர் பெரும்பாலும் தளத்தின் அடிப்பகுதியில் பதிப்புரிமை வரியிலோ, யாரும் படிக்காத தனியுரிமைக் கொள்கைப் பக்கத்திலோ இருக்கும். அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டு, இந்தியத் தளமானால், மத்திய நிறுவன விவகாரங்கள் அமைச்சகத்தின் தளத்துக்குச் செல்லுங்கள்.

இங்கே கிடைக்கும் நிறுவன அடையாள எண்ணே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அது 21 எழுத்துகளும் இலக்கங்களும் கொண்டது. முதல் எழுத்து 'எல்' என்றால் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனம், 'யு' என்றால் பட்டியலிடப்படாதது. அடுத்த ஐந்து இலக்கங்கள் தொழில் வகையைக் குறிப்பவை. அதன்பின் வரும் இரண்டு எழுத்துகள் மாநிலம், தமிழ்நாடானால் 'டிஎன்'. அடுத்த நான்கு இலக்கங்கள் நிறுவனம் தொடங்கிய ஆண்டு. பின்வரும் மூன்று எழுத்துகளில் 'பிடிசி' என்றிருந்தால் தனியார் நிறுவனம், 'பிஎல்சி' என்றால் பொது நிறுவனம், 'என்பிஎல்' என்றால் நிறுவனச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்கீழ்ப் பதிவான, இலாபத்தைப் பங்கிட்டுக்கொள்ள முடியாத அமைப்பு. கடைசி ஆறு இலக்கங்கள் பதிவு எண். ஆக, தன்னை இலாப நோக்கற்ற ஊடகம் என்று அறிவித்து நன்கொடை கேட்கும் தளத்தின் எண்ணில் 'பிடிசி' இருந்தால், முதல் முரண்பாடு அங்கேயே வெளிப்பட்டுவிடுகிறது.

இயக்குநர்களின் பெயர்களும் அதே இடத்தில் கிடைக்கும். இன்னும் ஆழமாகப் போக விரும்புவோர் 100 ரூபாய் கட்டணம் செலுத்தி, நிறுவனம் தாக்கல் செய்த ஏஓசி-4 என்னும் நிதிநிலை அறிக்கையையும் எம்ஜிடி-7 என்னும் ஆண்டறிக்கையையும் பார்க்கலாம். முதலாவதில் ஆண்டு வருமானம், செலவு, கடன் ஆகியவையும், இரண்டாவதில் பங்குதாரர் விவரமும் இருக்கும். விற்றுமுதல் மிகக் குறைவாகவும், கடன் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு பெருகியும் இருந்தால், அந்தக் கடனைக் கொடுத்தவர் யார் என்பதே அந்த ஊடகத்தைப் பற்றிய மிக முக்கியமான செய்தி. உரிமையாளர் ஒருவர் தம் சொந்தப் பெயரிலோ, அறக்கட்டளை மூலமாகவோ நடத்தும் தளங்களுக்கு இவ்வளவு விவரம் கிடைக்காது. அவற்றுக்குக் கூடுதல் எச்சரிக்கை தேவை.

"அரசு பதிவு பெற்றது" என்ற வரி கண்ணில் பட்டால் அது எந்தப் பதிவு என்று பாருங்கள். உத்யம் சான்றிதழ் என்பது தொழில்முனைவோர் தாமே விவரம் அளித்துப் பெறும் சிறுதொழில் பதிவு. அதற்கும் இதழியல் தரத்துக்கும் சம்பந்தமில்லை. முன்பு ஆர்என்ஐ என்று அறியப்பட்ட செய்தித்தாள் பதிவாளர் அலுவலகத்தின் எண் அச்சிதழ்களுக்கு உரியது. 2024 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள புதிய சட்டமும் பருவ இதழ்களின் பதிவைப் பற்றியதே. இவை தளத்தின் செய்திக்கு அரசு அளித்த உத்தரவாதம் போலக் காட்டப்படுவது வாசகரை மயக்கும் வேலை.

2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள், இணையச் செய்தி வெளியீட்டாளர்கள் குறைதீர் அலுவலர் ஒருவரை நியமித்து, அவரது பெயரையும் தொடர்பு விவரத்தையும் வெளியிட வேண்டும், புகாருக்கு 15 நாட்களில் முடிவு சொல்ல வேண்டும் என்கின்றன. அந்த விதிகளில் இணைய ஊடகங்களின் நெறிமுறை, கண்காணிப்பு பற்றிய 9ஆம் விதியின் இரு உட்பிரிவுகளுக்கு 2021 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. அத்தடை நாடு முழுவதற்கும் பொருந்தும் என்று செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றமும் கூறியது. ஊடகங்களை அரசு கண்காணிப்பதைக் கொள்கையளவில் எதிர்ப்பவர்களும் இருக்கிறார்கள் என்பதால், குறைதீர் அலுவலர் பெயர் இல்லை என்பதை மட்டும் வைத்து ஒரு தளத்தைக் குறைசொல்ல முடியாது. ஆனால் வாசகர் புகார் எழுதுவதற்கு எந்த முகவரியுமே இல்லாத தளத்துக்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

மூன்றாம் படி: உரிமையாளரின் மற்றத் தொழில்களைப் பட்டியலிடுங்கள்

தமிழ் ஊடகங்களில் அரசியலும் வணிகமும் பின்னிக் கிடப்பது நாடறிந்தது. முரசொலி திமுகவின் ஏடு. விடுதலை திராவிடர் கழகத்தின் ஏடு. தீக்கதிர் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் ஏடு. தினகரனை 2005இல் சன் குழுமம் வாங்கியது. அதே குழுமத்திடம் சன் பிக்சர்ஸ் என்னும் படத் தயாரிப்பு நிறுவனமும் சன்ரைசர்ஸ் ஹைதராபாத் என்னும் கிரிக்கெட் அணியும் உள்ளன. புதிய தலைமுறை, எஸ்ஆர்எம் கல்விக் குழுமத்தைச் சார்ந்தது. அக்குழுமத்தின் நிறுவனர் பாரிவேந்தர் இந்திய ஜனநாயகக் கட்சியைத் தொடங்கி, 2019இல் பெரம்பலூரிலிருந்து மக்களவைக்குச் சென்றவர். நியூஸ்18 தமிழ்நாடு சேர்ந்திருக்கும் நெட்வொர்க்18 குழுமம் 2014 முதல் ரிலையன்ஸ் வசம் உள்ளது. இலங்கையில் தினகரன் நாளிதழை வெளியிடும் லேக் ஹவுஸ் 1973இல் அரசின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது; யாழ்ப்பாணத்து உதயன் நாளிதழின் உரிமையாளர் ஈ. சரவணபவன் 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானவர்.

இந்தப் பட்டியலை வைத்து "எல்லாம் விலைபோனவை" என்று முடிவுகட்டுவது சோம்பேறித்தனம். கல்விக் குழுமம் நடத்தும் ஊடகத்தில் வரும் சாலை விபத்துச் செய்தியையோ நெல் கொள்முதல் நிலையச் செய்தியையோ சந்தேகிக்க முகாந்திரம் இல்லை. தனியார் பல்கலைக்கழகங்களின் கட்டணம், மருத்துவக் கல்லூரி இடங்கள் ஆகியவற்றைப் பற்றிய செய்தியை மட்டும் வேறு ஓரிரு இடங்களிலும் படித்துப் பார்க்க வேண்டும். படத் தயாரிப்பாளரின் நாளிதழில் அதே தயாரிப்பாளரின் படத்துக்கு வரும் விமர்சனத்துக்கும் இதே விதி. என்னைக் கேட்டால், கட்சிச் சார்பை வெளிப்படையாக அறிவித்துக்கொள்ளும் ஏடு, உரிமையாளரை மறைத்துக்கொண்டு "நடுநிலை" என்று பெயர்ப்பலகை மாட்டும் தளத்தைவிட வாசகருக்கு நேர்மையானது. ஒரு தொழிற்சங்கப் போராட்டத்தின் கோரிக்கைகள் முழுமையாக எங்கே கிடைக்கும் என்று தேடினால், இடதுசாரி ஏட்டில்தான் கிடைக்கும். நிர்வாகத் தரப்பின் பதிலுக்கு வேறிடம் பார்க்க வேண்டும் என்பது தெரிந்தே அதைப் படிக்கலாம்.

நான்காம் படி: பணம் வரும் வழியைப் பிரித்தறியுங்கள்

இதுவே மற்ற எல்லாவற்றையும்விட அதிக நேரம் செலவிடத் தகுந்த படி. பெரும்பாலான தமிழ்த் தளங்களுக்கு முதல் வருமானம் தானியங்கி விளம்பரம். கூகுளின் ஆட்சென்ஸ் சேவை 2018 பிப்ரவரியில் தமிழ்ப் பக்கங்களையும் ஏற்கத் தொடங்கிய பிறகு, தமிழில் எழுதியே விளம்பரக் காசு பார்க்கும் வழி சிறு தளங்களுக்கும் திறந்தது. விளம்பரதாரர் கொடுக்கும் தொகையில் ஏறத்தாழ 68 சதவீதம் தளத்தைச் சேர்கிறது. 2024 முதல் விளம்பரம் காட்டப்பட்ட எண்ணிக்கையே கூலிக்கு அடிப்படை. அதனால்தான் இராசிபலன், தங்கம் விலை, விடுமுறைச் செய்தி, நடிகையின் படத்தொகுப்பு ஆகியவை முகப்பை நிறைத்துக்கொள்கின்றன. ஒரே செய்தி ஐந்து தலைப்புகளில் ஐந்து பக்கங்களாகப் பிரிக்கப்படுவதும் அதனால்தான்.

இந்த வருமான முறை எதுவரை இட்டுச் செல்லும் என்பதை 2016 அமெரிக்க அதிபர் தேர்தலின்போது மாசிடோனியாவின் வேலஸ் என்னும் சிறுநகரம் காட்டியது. அங்கிருந்த இளைஞர்கள் டிரம்புக்கு ஆதரவான நூற்றுக்கும் மேற்பட்ட தளங்களை நடத்தினார்கள். அமெரிக்க அரசியலில் யார் வென்றாலும் அவர்களுக்கு ஒன்றுமில்லை. எந்தப் பொய் அதிகம் பகிரப்படுகிறதோ அதில் விளம்பர வருமானம் அதிகம் என்பது மட்டுமே அவர்கள் கணக்கு. கொள்கைவெறியால் எழுதப்படும் பொய்யும் காசுக்காக எழுதப்படும் பொய்யும் படிப்பவருக்கு ஒன்றுபோலவே தெரியும் என்பதை இதிலிருந்து நினைவில் கொள்ள வேண்டும்.

ஒரே ஆள் பல பெயர்களில் தளம் நடத்துகிறாரா என்று கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. பொது வாசகர்களில் இதை அறிந்தவர்கள் மிகக் குறைவு. இணைய விளம்பர மோசடியைத் தடுப்பதற்காக 2017இல் ஆட்ஸ்.டிஎக்ஸ்டி (ads.txt) என்னும் கோப்பு முறை கொண்டுவரப்பட்டது. தளத்தின் முகப்பு முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு இட்டு, அந்தக் கோப்பின் பெயரை ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்தால், யார் யார் அந்தத் தளத்தின் விளம்பர இடங்களை விற்கிறார்கள் என்ற பட்டியல் வரிவரியாகத் திறக்கும். ஒவ்வொரு வரியிலும் விளம்பர நிறுவனத்தின் முகவரி, கணக்கு எண், நேரடி விற்பனையா மறுவிற்பனையா என்னும் குறிப்பு ஆகியவை காற்புள்ளியால் பிரிக்கப்பட்டிருக்கும். கூகுளுக்கு உரிய வரியில் 'பப்' (pub) என்று தொடங்கி ஒரு சிறு கோடும் 16 இலக்கங்களும் இருக்கும். 'நேரடி' என்று குறிக்கப்பட்ட அந்த எண்ணை நகலெடுத்து, நீங்கள் சந்தேகிக்கும் வேறு தளங்களின் கோப்புகளில் தேடுங்கள். ஒரு கட்சியை வாழ்த்தும் தளத்திலும், அதே கட்சியை வசைபாடும் இன்னொரு தளத்திலும் ஒரே எண் நேரடிக் கணக்காக இருந்தால், பணம் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். விளம்பர முகவர் ஒருவரே பல தளங்களைக் கையாளும்போதும் எண் பொதுவாக அமையலாம் என்பதால், இரண்டாம் படியில் எடுத்த நிறுவன விவரத்தோடு ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும்.

சந்தாவை நம்பும் தளங்களின் நிலை வேறு. விளம்பரமே வாங்காமல் வாசகர் சந்தாவில் இயங்குவதைக் கொள்கையாக அறிவித்த நியூஸ்லாண்ட்ரி 2012இல் தொடங்கியது. சந்தாதாரரைத் தக்கவைக்க ஆழமான கட்டுரை தேவைப்படுகிறது என்பது இம்முறையின் பலம். சந்தாதாரர்களின் அரசியல் விருப்பத்துக்கு எதிராக எழுதினால் சந்தா குறையும் என்பது அதன் ஆபத்து. விளம்பரதாரருக்கு அஞ்சுவதைப் போலவே வாசகருக்கு அஞ்சுவதும் ஆசிரியரின் கையைக் கட்டும். அப்படிப்பட்ட தளம் தன் சந்தாதாரர் பெரும்பான்மையோர் விரும்பாத உண்மையை எப்போதாவது முதன்மைச் செய்தியாக வெளியிட்டிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

நன்கொடையில் இயங்கும் தளமானால், கொடுத்தவர்களின் பட்டியலும் ஆண்டுக் கணக்கும் வெளியிடப்பட்டுள்ளனவா என்பது முதல் கேள்வி. தி வயர் தளத்தை நடத்துவது 8ஆம் பிரிவு நிறுவனம். பெங்களூரைச் சேர்ந்த ஐபிஎஸ்எம்எஃப் என்னும் ஊடக அறக்கட்டளை அதற்கும் வேறு பல சுயாதீனத் தளங்களுக்கும் நிதி அளித்திருக்கிறது. செய்தி நிறுவனங்கள் வெளிநாட்டு நன்கொடை பெறுவதை 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்புச் சட்டம் தடைசெய்கிறது. இணையச் செய்தியில் அந்நிய முதலீட்டுக்கும் 2019 முதல் 26 சதவீத வரம்பு உண்டு. கியூஆர் குறியீட்டைக் காட்டி ஆதரவு கேட்கும் தளங்களிலும் யூடியூப் சேனல்களிலும், பணம் அனுப்பாமலேயே அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்து பாருங்கள். திரையில் தோன்றும் பெயர் நிறுவனத்தினுடையதா, தனிமனிதருடையதா என்பது தெரிந்துவிடும். அறக்கட்டளை என்று பேசிவிட்டுத் தனியார் சேமிப்புக் கணக்கைக் காட்டுபவரிடம் ரசீது கேளுங்கள்.

அரசு விளம்பரத்தைத் தமிழில் யாரும் போதிய அளவு பேசுவதில்லை. மத்திய அரசின் விளம்பரங்கள் மத்திய மக்கள் தொடர்பகம் வழியாகவும், மாநில அரசின் விளம்பரங்கள் செய்தி மக்கள் தொடர்புத் துறை வழியாகவும் வருகின்றன. நலத்திட்ட விளம்பரங்கள் தொடர்ந்து வெளியாகும் தளத்தில், அதே திட்டத்தின் குறைபாடு பற்றிய கள ஆய்வு எப்போதாவது வந்திருக்கிறதா? தளத்தின் தேடுபெட்டியில் திட்டத்தின் பெயரை இட்டு, கடந்த ஓராண்டுச் செய்திகளின் தலைப்புகளை மட்டும் வரிசையாகப் படியுங்கள். அறிவிப்பும் தொடக்க விழாவும் பாராட்டும் மட்டுமே இருந்தால், விடை கிடைத்துவிட்டது.

ஐந்தாம் படி: விளம்பரம் செய்தி வேடமிட்டிருக்கிறதா?

2009 தேர்தல்களில் வேட்பாளர்களைப் புகழும் கட்டுரைகள் வெவ்வேறு ஏடுகளில் ஏறத்தாழ ஒரே சொற்களில் வெளியானதை அடுத்து, காசுக்குச் செய்தி விற்கும் வழக்கத்தை விசாரிக்க இந்திய பிரஸ் கவுன்சில் பரஞ்சாய் குஹா தாகுர்தா, கே. ஸ்ரீநிவாஸ் ரெட்டி ஆகிய இருவர் குழுவை அமைத்தது. பெயர்களோடு எழுதப்பட்ட அந்த நீண்ட அறிக்கையைக் கவுன்சில் 2010இல் ஒதுக்கிவைத்துவிட்டுச் சுருக்கத்தை மட்டும் வெளியிட்டது. 2011இல் மத்திய தகவல் ஆணையம் உத்தரவிட்ட பிறகே முழு அறிக்கை வெளிச்சத்துக்கு வந்தது. இதழியலின் காவல் அமைப்பே தயங்கிய விஷயம் இது என்பதால், வாசகர் தம் கண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது.

"விளம்பரக் கட்டுரை", "ஸ்பான்சர்டு", "பார்ட்னர்டு கன்டென்ட்", "பிராண்ட் டெஸ்க்", "பிரஸ் ரிலீஸ்" ஆகிய எந்தக் குறிப்பு இருந்தாலும் அது பணம் வாங்கி வெளியிடப்பட்டதாகவோ, நிறுவனம் எழுதிக் கொடுத்ததாகவோ இருக்கக்கூடும். குறிப்பு பளிச்சென்று தலைப்பருகே இருந்தால் அந்தத் தளம் மதிக்கத்தக்கது. பக்கத்தின் இறுதியில் சாம்பல் நிறச் சிறு எழுத்தில் ஒளித்து வைத்திருந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். குறிப்பே இல்லாதபோது, கட்டுரையின் ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். மருத்துவமனையையோ மனைப்பிரிவையோ பாராட்டும் அதே வாக்கியம் நான்கு தளங்களில் நான்கு வெவ்வேறு நிருபர்களின் பெயரில் வந்திருந்தால், அவர்களில் எவரும் அதை எழுதவில்லை.

ஆறாம் படி: ஒரு செய்தியை எடுத்துப் பிரித்துப் பாருங்கள்

தளத்தின் முகப்பிலிருந்து, உள்ளூர்ச் சம்பவம் ஒன்றைப் பற்றிய செய்தியைத் தேர்ந்தெடுங்கள். எழுதியவர் பெயர் இருக்கிறதா, அல்லது "நமது நிருபர்", "வெப் டெஸ்க்", "செய்திப்பிரிவு" என்று மட்டும் உள்ளதா? ஊர்ப் பெயர், காவல் நிலையத்தின் பெயர், மருத்துவமனை, நாள், நேரம் ஆகியவை உள்ளனவா? "கூறப்படுகிறது", "தெரிகிறது", "சொல்லப்படுகிறது" என்று முடியும் வாக்கியங்களை எண்ணுங்கள். யார் கூறினார்கள் என்று அவற்றைக் கேட்டுப் பாருங்கள். குற்றம்சாட்டப்பட்டவரின் பதில் பெறப்பட்டதா, பெற முயன்றதாகவாவது எழுதியிருக்கிறார்களா?

2023 மார்ச் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளை இந்த அளவுகோலில் வைத்துப் பாருங்கள். இந்தி நாளிதழ்களும் தளங்களும் அவற்றைச் செய்தியாக்கின. பீகார் சட்டமன்றத்தில் அமளி நடந்தது. அம்மாநில அரசு அதிகாரிகள் குழு ஒன்றைத் தமிழ்நாட்டுக்கு அனுப்பியது. அப்போதைய காவல்துறைத் தலைவர் சைலேந்திர பாபு, பரவிய இரு காணொளிகளில் ஒன்று பீகார் தொழிலாளர்களின் இரு பிரிவினரிடையே நடந்த மோதல் என்றும், மற்றொன்று கோவையில் உள்ளூர்வாசிகள் இருவரிடையே நடந்த சண்டை என்றும் விளக்கினார். திருப்பூரிலோ கோவையிலோ உள்ள ஒரு காவல் நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசியிருந்தால் தெரிந்திருக்கக்கூடிய உண்மை அது. வெளியூரில் இருந்த வாசகருக்கும் ஒரு தடயம் கிடைத்திருக்கும்: இவ்வளவு பெரிய வன்முறை நடந்திருந்தால், அந்தந்த மாவட்டத்துத் தமிழ் நாளிதழ்களில் வழக்கு எண்ணோடு செய்தி வந்திருக்க வேண்டும். சம்பவ இடத்தில் நிருபர் உள்ள ஏடு மௌனமாக இருக்க, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் தளம் மட்டும் முழங்கினால், காத்திருப்பதே அறிவுடைமை.

படங்களைச் சோதிக்க கூகுள் லென்ஸ், டின்ஐ ஆகியவை போதும். காணொளியானால் முக்கியமான காட்சியை நிறுத்தித் திரைப்பிடிப்பு எடுத்து அதில் தேடுங்கள்.

ஏழாம் படி: பிழையை எப்படிக் கையாள்கிறது?

தவறு செய்யாத ஊடகம் இல்லை. ஆகவே தவறு வெளிப்பட்ட பிறகு என்ன நடந்தது என்பதே சரியான சோதனை. ஏற்கெனவே பொய்யென்று நிரூபிக்கப்பட்ட ஒரு செய்தியை, உதாரணமாக உயிரோடிருக்கும் பிரபலம் ஒருவர் இறந்துவிட்டதாக வந்த வதந்தியை, எடுத்துக்கொண்டு அந்தத் தளம் அன்று என்ன வெளியிட்டது என்று தேடுங்கள். பக்கத்தின் தலையில் "திருத்தம்" என்று குறித்து, எது தவறு, எப்போது மாற்றப்பட்டது என்று எழுதியிருந்தால் அது உயர்ந்த தரம். சத்தமில்லாமல் வரியை மாற்றியிருந்தால் நடுத்தரம். இணைப்பைத் திறந்தால் "பக்கம் கிடைக்கவில்லை" என்று வருகிறது, ஆனால் வேபேக் மெஷினில் பழைய பக்கம் இருக்கிறது என்றால், அந்தத் தளம் தன் வாசகரிடம் பொறுப்பை ஏற்க விரும்பவில்லை.

எட்டாம் படி: முடிவை எழுதி வையுங்கள், காலத்தோடு திருத்துங்கள்

தளத்தின் பெயருக்கு எதிரே நான்கு வரி எழுதினால் போதும்: நடத்துவது யார், முதன்மை வருமானம் எது, எந்த விஷயங்களில் வேறிடத்திலும் சரிபார்க்க வேண்டும், திருத்தம் வெளியிடும் வழக்கம் உண்டா. இதற்கு நட்சத்திர மதிப்பெண் கொடுக்க வேண்டாம்; எண்ணாகச் சுருக்கினால் எந்த விஷயத்தில் எச்சரிக்கை தேவை என்பது மறைந்துவிடும்.

எழுதிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் உரிமையும் பொறுப்பும் மாறிக்கொண்டே இருப்பவை. என்டிடிவி 2022 டிசம்பரில் அதானி குழுமத்தின் வசமானது. பிபிசி தமிழின் செய்திப் பணி, அந்நிய முதலீட்டு வரம்பு காரணமாக, 2024 ஏப்ரலில் கலெக்டிவ் நியூஸ்ரூம் என்னும் இந்திய நிறுவனத்துக்குச் சென்றது. தமிழில் உண்மை சரிபார்ப்புக்குப் பெயர்பெற்ற யூடர்ன் தளத்தின் ஐயன் கார்த்திகேயன், 2023இல் தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகத்துக்குத் திட்ட இயக்குநரானார். இவை எதுவும் அந்தந்த ஊடகத்தின் தரம் தாழ்ந்துவிட்டது என்பதற்குச் சான்றல்ல. ஆனால் மூன்றாம் படியில் எழுதிய பட்டியலை இவை மாற்றிவிடுகின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் பட்டியலையும் விளம்பரக் கோப்பையும் மட்டும் திறந்து பழைய குறிப்போடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் மாற்றமில்லையென்றால் குறிப்பு அப்படியே இருக்கட்டும். ஏதேனும் ஒன்றில் புதிய பெயரோ புதிய எண்ணோ தென்பட்டால், இரண்டாம் படியிலிருந்து மீண்டும் தொடங்குங்கள்.